கல்யாண முருங்கைக்குத் தேன்

"இதென்ன கூத்து! மரத்துக்கு எவளாச்சும் தேன் ஊத்துவாளா?"

செக்காலைத் தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரிக் கத்தினாள் அடுத்த வீட்டு அக்கம்மாள்.

கொல்லையில் குனிந்திருந்த சாலா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். வைகாசியில் கல்யாணமாகி வந்த புதுப்பெண். அவள் முன்னால் அவளுடைய முகூர்த்தக்கால். கல்யாணப் பந்தலில் நின்ற கல்யாண முருங்கைப் போத்து, அதாவது வெட்டிய கிளை. தாலி ஏறியதும் பெண் தன் கையாலேயே அதைப் புகுந்த வீட்டுக் கொல்லையில் ஊன்ற வேண்டும். துளிர்த்தால் குடும்பம் தழைக்கும். காய்ந்தால்? அதைத்தான் அக்கம்மாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாளே!

ஆனி முடியப் போகிறது. போத்தில் ஒரு துளிரைக் காணோம்.

"தேன் மட்டுமில்ல சின்னத்தை. இளநீ, கத்தாழைச் சோறு எல்லாம் கலந்திருக்கு. எங்க ஊரு கல்லல்ல எங்கம்மா பதியம் போட்டா இப்படித்தான் ஊத்துவாக. வேர் சீக்கிரம் இறங்கும்."

"பிச்சையக்கா! இங்குட்டு வந்து பாருங்க உங்க மருமக லட்சணத்தை!"

மாமியார் பிச்சையம்மாள் வந்தாள். அவள் வாய்க்கு அந்தத் தெருவே பயப்படும். நகத்தால் போத்தின் பட்டையைக் கீறிப் பார்த்தாள். முகம் இறுகிவிட்டது.

"போதும். உங்க ஐயாவுக்குச் சொல்லி விடுறேன். நாளைக்கே ஊருக்குக் கிளம்பு."

"ஆடிக்கு இன்னும் நாலு நாள் கிடக்கே அத்தை..."

"ஆடி அழைப்புக்குக் கொஞ்சம் முன்னாடியே போனா குடியா முழுகிரும்?"

"இதுக்கு யாரு ஊத்துவாக?"

"எனக்கு வேற சோலி இல்லை பாரு! அந்தத் தேன் குப்பியை அங்கனயே வச்சுட்டுப் போ."

பாவம், அழுதுகொண்டே கரி ரயிலேறினாள் சாலா. முகூர்த்தக்கால் காய்ந்துபோய், தன்னைத் திருப்பிக் கூப்பிடாமலே விட்டுவிடுவார்களோ என்று ஆடி முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இப்படியும் ஒரு மாமியாரா என்று நமக்கே வயிறு எரிகிறது, இல்லையா?

ஆவணி பிறந்ததும் புருஷன் வந்து அழைத்துப் போனான். வீட்டுக்குள் நுழைந்தவள் நேரே கொல்லைக்கு ஓடினாள்.

அடேயப்பா! போத்தின் தலையெல்லாம் பச்சைப் பசேலென்று துளிர்!

தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். முதல் ஆளாக அக்கம்மாள்தான் பேசினாள்.

"நான் அன்னைக்கே சொல்லலை? இவ ராசிக்காரின்னு!"

"வந்தவுகளுக்குக் காப்பி போடுத்தா," என்றாள் பிச்சையம்மாள்.

சாலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுப்பை மூட்டி, மூலையிலிருந்த விறகை இழுத்தாள். அடியிலிருந்து ஒரு கட்டை உருண்டு வந்தது. மேலெல்லாம் கல்யாணத்தன்று பூசிய மஞ்சள். நுனியில் அவளே அப்பி வைத்த சாணி. சுக்காய்க் காய்ந்திருந்தது.

தான் ஊன்றிய முகூர்த்தக்காலையே கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

பின்னாலேயே பதறி ஓடி வந்தாள் மாமியார்.

"அதை எடுத்துட்டியா? எரிச்சிரணும்னுதான் இருந்தேன். தாலி கட்டுறப்ப பக்கத்துல நின்ன கட்டை, மனசு வரலைத்தா."

"அப்ப... கொல்லையில நிக்கிறது?"

"மெதுவாப் பேசு. நீ போன மறுநாள் வேற போத்து வெட்டியாந்து நட்டது. அன்னைக்குக் கீறுறப்பவே தெரிஞ்சுபோச்சு, இது செத்த கட்டைன்னு. இதை வச்சு உன்னைய ஒருத்தி நாக்கு மேல பல்லுப் போட்டுப் பேச விடுவேனா? ஆனா உன் மருந்தைத்தான் ஊத்தினேன். என்னமா வேர் பிடிச்சிருச்சு!"

சாலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காப்பி ஆச்சா பிச்சையக்கா?" அக்கம்மாள் குரல் அடுப்படிக்குப் பக்கத்திலேயே கேட்டது.

பிச்சையம்மாள் கட்டையைச் சட்டென்று எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எரிகிற அடுப்புக்குள் தள்ளினாள்.

"இந்தா ஆச்சு அக்கம்மா! பார்த்தேல்ல, எங்க மருமக கை பட்டா காஞ்ச கட்டையும் தழைக்கும்!"