ஆன் பண்ணினால் மட்டும்

"பெங்களூரு சாஃப்ட்வேர் வேலையை விட்டுட்டு ஓசூர் கம்பெனிக்கு ஏம்மா வர்றே?" என்று இன்டர்வியூவில் கேட்டார் மேனேஜர் ஹரீஷ்குமார்.

"இங்க பக்கத்துல பாகலூர்ல வீடு சார். அப்பாவைப் பாத்துக்கணும்" என்றாள் பிரவீனா.

சேர்ந்ததுமே வேலை கொடுத்தார். "தகடு அழுத்துற பிரஸ் மெஷின் புரோகிராம்ல, தப்பு எங்கேன்னு காட்டுற டிபக் வசதி வை. மெஷின்ல யார் என்ன பண்ணாலும் ஸ்கிரீன்ல வரிவரியா வரணும். ஆனா நான் ஆன் பண்ணினாத்தான் வரணும். விபத்தெல்லாம் ஆபரேட்டருங்க தப்புன்னு ஆடிட்டருக்குக் காட்டணும்."

வைத்தாள்.

பாதுகாப்பு ஆடிட்டர் வந்த அன்று, ஹரீஷ்குமாரே பெருமையாக ஆன் செய்தார். அந்த ஷிப்டில் நடந்ததெல்லாம் திரையில் ஓடியது.

'கை பாதுகாப்பு சென்சார் நிறுத்தப்பட்டது. நிறுத்தியவர்: மேனேஜர் ஹரீஷ்குமார்.'

மெஷின் இடையில் நிற்காமல் ஓடி டார்கெட் முடிய வேண்டும் என்று அவர் தினமும் செய்வதுதான். ஆடிட்டர் அவரையே பார்த்தார்.

"என்னம்மா இது?" பல்லைக் கடித்தார் ஹரீஷ்குமார்.

"யார் பண்ணாலும் வரணும்னுதானே சார் சொன்னீங்க?"

"உன்னை..."

"போன வருசம் இதே மெஷின்ல ரெண்டு கையும் போச்சே, ஆபரேட்டர் சம்பங்கி, ஞாபகம் இருக்கா சார்? வேலைல தூங்கிட்டாருன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பினீங்களே..."

பிரவீனா நிதானமாகச் சொன்னாள்:

"இன்னைக்குக் காலையிலயும் அவருக்குச் சோறு ஊட்டிட்டுத்தான் வந்தேன்."