மலைக்கு ஐந்நூறு

அண்ணாமலையின் விலை மாதம் ஐந்நூறு ரூபாய்.

ஜன்னலில் மலை முழுசாகத் தெரிந்தால் அந்த விலை. தென்னை மறைத்து உச்சி மட்டும் தெரிந்தால் முன்னூறு. அறை வாடகை ஒன்பதாயிரத்து ஐந்நூறு தனி. செங்கம் ரோட்டில் இதைவிடக் கம்மிக்கு மலை கிடைக்காது என்பது ஆதிமூலத்தின் கட்சி.

வாசல் பலகையில் விடுதியின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் ‘ஓனர்: ஆதிமூலம்’ என்று இருந்தது. ஆங்கிலத்தில் அவருக்குப் பிடித்த சொல் அது ஒன்றுதான். பால்காரர்கூட அவரை ஓனர் என்றுதான் கூப்பிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் சற்றுத் தாமதமாகத் திரும்புவார்.

இன்று காலை மூன்றாம் அறை எட்வின், ஒரு வருட வாடகையை மொத்தமாகக் கொண்டுவந்திருந்தார். லட்சத்து இருபதாயிரம். தனக்கென்று உலகில் எதுவும் வேண்டாம் எனத் துறந்து, ஐந்து சூட்கேஸோடு வந்திருக்கும் லண்டன்காரர். பழைய ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். தமிழையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார்.

அந்தப் பணத்துக்கு இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

ஆதிமூலம், கீழ்பென்னாத்தூரில் ஒரு பழைய ஓன் போர்டு காருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவர் மனைவி கஸ்தூரி, மகள் ஓவியாவின் நர்சிங் கல்லூரிக்கு வெள்ளிக்கிழமைக்குள் தொண்ணூறாயிரம் கட்ட வேண்டும் என்று மூன்று மாதமாகச் சொல்லிவந்தாள். கையில் துடைப்பத்தோடு சொன்னதால் அது ஓனர் காதில் விழவில்லை.

எட்வின் பணத்தை நீட்டாமல் பலகையையே பார்த்தார். பிறகு வகுப்பெடுத்தார். அவர் மொழியில், சொந்தமாக வைத்திருப்பதைச் சொல்லும் ‘ஓன்’, கடன்பட்டிருப்பதைச் சொல்லும் ‘ஓ’ இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவையாம். உடையவன் வேறு, கொடுக்கவேண்டியவன் வேறு என்று பாகம் பிரித்ததெல்லாம் பிற்பாடுதானாம்.

“அது உங்க ஊர்ல, சார். இங்க ஓனர்னா வாங்குறவரு.”

எட்வின் சிரித்தார். ரசீதில் ஓனர் கையெழுத்தும், கூடவே வீட்டுப் பத்திர நகலும் வேண்டும் என்றார். விசாவுக்காம்.

ஆதிமூலம் நாற்காலியில் இருந்தபடியே கஸ்தூரிக்குக் குரல் கொடுத்தார். இருபது வருடமாகப் பத்திரப் பெட்டியைத் திறக்கும் சிரமத்தை அவர் எடுத்துக்கொண்டதில்லை. ‘எல்லாம் உங்களுதுதான் மாப்ள’ என்று மாமனார் சின்னசாமி சாகும்போது சொன்னதையே பதிவு செய்த பத்திரமாக வைத்துக்கொண்டவர்.

கஸ்தூரி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு தாளோடு வந்தாள்.

எட்வின் விரல் வைத்து, உரக்கப் படித்தார்.

நிலத்தின் உரிமையாளர்: அருள்மிகு அண்ணாமலையார். 

மனை வாடகைதாரர்: கஸ்தூரி, தந்தை பெயர் சின்னசாமி.

மூன்றாவது பெயர் எதுவும் இல்லை. மரியாதைக்காக எட்வின் தாளைத் திருப்பியும் பார்த்தார். பின்பக்கம் காலி.

கல்யாணமாகி, ஒற்றைப் பையோடு இந்த வீட்டுக்குக் குடிவந்தவர் ஆதிமூலம்தான் என்பது தெருவுக்கு மறந்திருந்தது. அவருக்கே மறந்திருந்தது.

எட்வின் பணத்தைக் கஸ்தூரி பக்கம் நீட்டினார். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கி, இரண்டு தடவை எண்ணினாள்.

“ஓவியாப்பா, அந்த நாற்காலிய சாருக்குப் போடுங்க.”

போட்டார். போட்டுவிட்டு, பால் கணக்கு நோட்டில் அவள் எழுதியதைத் தலைகீழாகப் படித்தார்.

வரவு: 1,20,000. 

ஓவியா கல்லூரி: 90,000. 

அண்ணாமலையாருக்கு மனை வாடகை, நாலு வருட பாக்கி: 9,600. 

கையிருப்பு: 20,400.

அடியில் கோடு கிழித்து, இன்னும் ஒரு வரி.

வரவேண்டியது: மேற்கு அறை, ஆதிமூலம், இருபது வருட வாடகை. மலை முழுசாகத் தெரியும். சாப்பாடு தனி.