மதிலைத் தாண்டிய சத்தம்

“உங்கட மகள்ட வாயை மூடச் சொல்லுங்க, சரீப் காக்கா! இஞ்ச இன்னும் அரைவாசி ஓட்டம் கிடக்கு. அதுக்குள்ள ‘தோத்துட்டமே’ எண்டு மதிலுக்கு அங்கால நிண்டு கத்துறா!”

இப்றாஹிம் கதிரையை விட்டு எழும்பியே விட்டார்.

“உன்ட பெட்டியில படம் பிந்தி வந்தா அதுக்கு நானா பொறுப்பு, தம்பி?” என்று அடுத்த கதிரையிலிருந்த சரீபும் குரலை உயர்த்தினார்.

“டீவி வாங்கினது நான். ஊரைக் கூப்பிட்டு இருத்தினது நான். முடிவைச் சொல்றது மட்டும் உங்கட ஊட்டுப் புள்ளையா?”

இப்றாஹிமின் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. கட்டாரிலிருக்கும் மகன் வாங்கிக்கொடுத்த, சுவரில் பாதியை மறைக்கிற தொலைக்காட்சி அது. ஆசிய விளையாட்டுப் போட்டி தொடங்கிய நாளிலிருந்து, பின்னேர அஸர் தொழுத கையோடு நிந்தவூரின் அந்த ஒழுங்கைத் தெருவே அவருடைய முன்மண்டபத்துக்கு வந்துவிடும். ஆண்கள் மட்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவருடையது இணையத்தில் வருகிற படம். பக்கத்து வீட்டுச் சரீபிடம் இருப்பதோ, கூரையில் அன்டனா கட்டிய பழைய பெட்டி. அதில் எல்லாமே ஒரு மிடறு தேத்தண்ணி குடிக்கிற நேரம் முந்தி நடந்துவிடும்.

சரீபின் மனைவி மவுத்தான பிறகு, அந்த வீட்டில் மகள் றஸ்னாவைத் தவிர வேறு பெண் எவருமில்லை. ஆகவே குரல் யாருடையது என்று யாரும் ஆராயவில்லை.

இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும். முன்வரிசையில் ஜவுபர் ஹாஜியார் இருந்ததுதான் வினை. அவருடைய மகனுக்கு றஸ்னாவைக் கேட்டிருந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை பேச்சு முற்றாவதாக இருந்தது.

“சரீப், குறை நினைக்காதீங்க,” என்று ஹாஜியார் தாடியைத் தடவினார். “பொம்புளப் புள்ளட சத்தம் மதிலைத் தாண்டப்போடாது. என்ட பொஞ்சாதி பாஹிமாவைப் பாருங்க. தலையிடி எண்டு மத்தியானத்திலிருந்து அறைக்குள்ள படுத்திருக்கா. கலியாணம் முடிச்ச நாளிலிருந்து அவட சத்தத்தை நான் கேட்டதே இல்ல.”

“கேக்கிறதுக்குக் காது குடுக்கவும் வேணுமே,” என்று பின்னாலிருந்து எவரோ முணுமுணுத்தார்.

சரீபுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தாயில்லாப் பிள்ளையை ஒழுங்காக வளர்க்கத் தெரியாதவன் என்று இத்தனை கண்களும் சொல்வதுபோல இருந்தது. போனை எடுத்தார்.

“றஸ்னா, உடனே இஞ்ச வா.”

அவள் முக்காட்டைச் சரிசெய்தபடி ஒழுங்கையால் சுற்றி வந்து, வாசற்படியோடு நின்றுகொண்டாள்.

“நீயா கத்தின?”

“நான் கத்தல்ல, வாப்பா.”

“அப்ப ஆரு? ஊட்டுல வேற ஆரு இருக்கா?”

றஸ்னா வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு மதிலை ஒருதரம் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை போதுமாக இருந்தது சரீபுக்கு.

“எல்லாரிட்டயும் மன்னிப்புக் கேளு. ஹாஜியாரிட்ட முதல்ல கேளு.”

“செய்யாததுக்கு எப்பிடி வாப்பா கேக்கிற?”

“பொய்யும் வருதோ?” என்றார் ஹாஜியார். “வெள்ளிக்கிழமைப் பேச்சைக் கொஞ்சம் யோசிக்கத்தான் வேணும்.”

“கேளு புள்ள!” சரீப் கத்தினார். தன் குரல்தான் ஒழுங்கை முழுக்கக் கேட்கிறது என்பது அவருக்கு உறைக்கவில்லை. றஸ்னாவின் கண்கள் நிறைந்தன. உதடுகளை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

பெரிய திரையில் அந்த ஓட்டம் முடிந்து, அடுத்ததான பெண்களின் அஞ்சலோட்டம் கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தது. நமது நாட்டுப் பிள்ளை கோலை வாங்கி ஓடத் தொடங்கினாள். ஆனால் மண்டபமே றஸ்னாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஓடு புள்ள! உடாத, ஓடு! அல்லாஹ்... முந்திட்டாள்! முந்திட்டாள்!”

மதிலுக்கு அங்காலிருந்துதான் வந்தது. ஒன்றல்ல, இரண்டு குரல்கள்.

திரையில் நமது பிள்ளை இன்னும் பின்னால்தான் ஓடிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் றஸ்னாவின் உதடுகள் இறுகியபடியே இருந்தன.

இப்றாஹிம் எழும்பிப் போய்ச் சாத்தியிருந்த அடுப்படிக் கதவைத் தள்ளினார். தட்டத்தில் கோப்பைகள் கவிழ்த்தபடி கிடந்தன. ஆளில்லை. சரீபின் வளவுக்குப் போகிற பின்வேலிக் கடப்பு வாசல் ஆவென்று திறந்து கிடந்தது.

“சுபைறா!” என்று மனைவியைக் கூப்பிட்டார்.

“ஓம்! தேத்தண்ணி பிளாஸ்க்கில இருக்கு, ஊத்திக் குடுங்க!” மதில் பதில் சொன்னது. “அடுத்த ஓட்டத்தையும் பாத்துட்டு நானும் பாஹிமா ராத்தாவும் வாறம்!”

ஜவுபர் ஹாஜியார் குனிந்து செருப்பைத் தேடத் தொடங்கினார். அது அவர் காலிலேதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஹாஜியார் முதலில் பேசியிருந்தபடியே மஸ்கத்து இனிப்புப் பெட்டியோடு வந்தார். சரீப் ஓம் என்று சொல்லவும் ஆயத்தமாக இருந்தார். றஸ்னாதான் வேண்டாமென்றாள்.

இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். பெண் பிறந்த வீட்டை விட்டுப் போகிற வழக்கமில்லை. றஸ்னா அடுத்த வருஷம் ஒலுவில் பையன் ஒருவனைக் கலியாணம் முடித்து, அவனோடு அங்கேயே போய்விட்டாள்.

“மருமகனுக்குத் துறைமுகத்துல வேலை. இஞ்சயிருந்து தூரம்,” என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சரீப் சொல்கிறார். நிந்தவூரில் பஸ் ஏறினால் ஒலுவிலில் இறங்குமுன் கண்ணயரக்கூட நேரம் போதாது என்பது கேட்கிறவர்களுக்கும் தெரியும்.