கறுப்பு வயர்

அமெரிக்காவில், பிஸ்கட்டவே ஊரில் உள்ள வீட்டின் பாத்ரூமில் ஜன்னலுக்கு வெளியே கிடக்கும் பனியின் வெளிச்சம் மட்டுமே இருக்கிறது. பிரேக்கரை வான்மதி அணைத்துவிட்டாள். சுவிட்சும் பிளக் பாயிண்டும் ஒன்றாக இருக்கும் புதுப் பெட்டியில், கறுப்பு வயரைப் பித்தளைத் திருகில் சுற்றி இறுக்குகிறாள். கரூரிலிருந்து வந்திருக்கும் மாமனார் சேனாபதி கதவோரம் நின்று பதறுகிறார். "கறுப்பு நியூட்ரலாச்சேம்மா! கரண்ட்டு சிவப்புலதானே வரும்? தூக்கியடிச்சிரப் போகுது!" "இங்க கறுப்புலதான் வரும் மாமா. வெள்ளைதான் நியூட்ரல்." நிதானமாக மூடியைத் திருகிவிட்டு, கீழே போய் பிரேக்கரைப் போட்டு வருகிறாள். விளக்கு எரியவில்லை. சுவிட்ச் கீழ்நோக்கி இருக்கிறது. கரூரில் அப்படி இருந்தால் போட்டாயிற்று என்று அர்த்தம். சேனாபதியின் முகம் மலர்கிறது. "சுவிட்ச் போட்டுத்தான் இருக்கு, எரியலையே! நான் அப்பவே சொன்னேன்..." வான்மதி ஒற்றை விரலால் சுவிட்சை மேலே தள்ளுகிறாள். திறந்த வாய் திறந்தபடியே இருக்க, அவர் முகமெல்லாம் வெளிச்சம்.