இணுவில் கிழக்குக்கு நடுவில்

பின்னேர வெயில் ஜன்னல் கம்பிகளைக் கொம்பியூட்டர் திரையில் கோடுகளாகப் போடுகிறது. வெளியே ஜெனரேட்டர் இருமுகிறது. யாழ்ப்பாணத்து வலிகாமத்துக் கிணறுகளின் உப்பளவெல்லாம் இந்தப் பெட்டிக்குள்தான். கையால் எழுதுகிற பழக்கத்தில் மகாதேவி ‘இணுவில் கிழக்கு’ என்று நடுவில் இடம் விட்டுத் தன் ஊர்க் கோப்புக்குப் பெயர் வைத்துவிட்டாள். பெயரில் இடைவெளி இருந்தால் திறக்கமாட்டேன் என்று யந்திரம் ஒற்றைக்காலில் நிற்கிறது. “தங்கச்சி, மண்ணெண்ணெய் முடியுது,” என்கிறார் ஜெனரேட்டரைப் பார்த்துவிட்டு வாசலில் நிற்கும் சோமசேகரம். “கொஞ்சம் பொறுங்கோ அண்ணை.” இடைவெளிக்குப் பதிலாக, எந்த எழுத்துக்கும் ஈடாக நிற்கும் கேள்விக்குறியைத் தட்டி, பெயரை ஒன்றாகச் சேர்த்து மாற்றுகிறாள். ஒரு வருட அளவுகள் திரையில் மளமளவென்று இறங்குகின்றன. அவள் வீட்டுக் கிணறும் வருகிறது: நல்ல தண்ணீர். ஜெனரேட்டர் நின்று, திரை கறுக்கிறது. “ஐயோ, போச்சே!” என்கிறார் அவர். மகாதேவி கதிரையில் சாய்ந்து சிரிக்கிறாள். “போகட்டும் அண்ணை. பெயரை மாத்தியாச்சு, இனி எப்பவும் திறக்கும்.”