ஐம்பத்தொரு நொடியில் மாடி

கறுப்பு லேப்டாப்பில் நான் பத்தாவது படி ஏறிவிட்டேன். வெள்ளி லேப்டாப்பில் இன்னும் எட்டிலேயே நிற்கிறேன்.

சாப்பாட்டு மேஜையில் இரண்டையும் ஒட்டி வைத்து, கையில் ஸ்டாப்வாட்சோடு குனிந்திருந்தார் என் கணவர். லேப்டாப்பே நேரம் காட்டும். ஆனாலும் இவருக்குத் தன் கையால் அமுக்கினால்தான் திருப்தி.

கணினி இதழ் ஒன்றுக்கு லேப்டாப்களைச் சோதித்து எழுதுவது இவர் வேலை. ஒரே வீடியோவை இரண்டு ப்ராசஸரிடமும் கொடுப்பார். அதைச் சின்ன ஃபைலாகச் சுருக்க எது எத்தனை நொடி எடுக்கிறது என்று பார்ப்பார். சுருங்கச் சுருங்க, படமும் திரையில் ஓடும்.

அந்த வீடியோவில் இருப்பது நான்தான். ஈரத்துணி பக்கெட்டோடு மொட்டைமாடிக்கு ஏறுகிறேன். பாதிப் படியில் திரும்பி, படம் பிடித்தது போதும், வந்து ஒரு கை பிடிங்கள் என்று திட்டுகிறேன். இவர் வரவில்லை. நான் மேலே போய் மறைகிறவரை எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார், மனுஷன்.

ஆறு வருடமாக இந்த வீட்டுக்கு வந்த அத்தனை லேப்டாப்பும் என்னைப் படியேற்றிவிட்டுத்தான் திரும்பிப் போயின. சோதனை வீடியோவை மாற்றவே கூடாதாம். மாற்றினால் புதுசைப் பழசோடு ஒப்பிட முடியாதாம். முதலில் வந்தது இருபது நிமிடம் எடுத்தது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் ஒரு வாய் டீ குடித்துவிடலாம்.

கறுப்பு ஐம்பத்தொரு நொடியில் முடித்தது. வெள்ளிக்குச் சரியாக அறுபது.

"புதுசு வர வர என்னை ரொம்பத்தான் ஓட வெக்கறீங்க," என்றேன்.

இவர் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார்.

கறுப்புக்கு வேகம் உண்டு. ஆனால் அதன் ஃபேன் சத்தத்தில் பேச்சே கேட்காது, மூன்றரை மணி நேரத்தில் சார்ஜுக்கு அழ ஆரம்பித்துவிடும். வெள்ளிக்கு ஃபேனே கிடையாது. காலையில் சார்ஜ் போட்டால் படுக்கிறவரை தாங்கும். பேட்டரி எத்தனை மணி நேரம் வருகிறது என்று பார்ப்பது என் பொறுப்பு. மடியில் வைத்துச் சூடு பார்ப்பது மட்டும் இவர். அதற்கு என்னைக் கூப்பிடுவதே இல்லை.

"நீயா இருந்தா எதை வாங்குவ?"

"சத்தம் போடாம நாள் முழுக்கக் கூட இருக்கறதை," என்றேன், இவரையே பார்த்துக்கொண்டு. புரியாதவர் போல மறுபடியும் வீடியோவை ஓட விட்டார். இது ஐந்தாவது தடவை.

ஏன் என்று எனக்குத் தெரியும். நேற்று இவர் அனுப்பிய கணக்குக்குக் காலையில் இதழ் ஆசிரியரிடமிருந்து பதில் மின்னஞ்சல் வந்திருந்தது. அந்த வீடியோ ரொம்பச் சின்னது, இப்போது வரும் ப்ராசஸர்கள் ஊதித் தள்ளிவிடுகின்றன, ஒன்பது நொடி வித்தியாசத்தை வைத்துக்கொண்டு வாசகர் என்ன செய்வார், இனிமேல் பெரிய வீடியோவில் சோதியுங்கள் என்று. கூடவே ஓர் அருவிப் படத்தையும் அனுப்பியிருந்தார். இவர் அதைத் திறக்கவே இல்லை.

அந்தப் பக்கெட்காரியை விட இவருக்கு மனசு வரவில்லை.

எனக்கோ அவள் மேல் பொறாமை. அவளை ஆயிரம் தடவை பார்த்தாகிவிட்டது. அவளுக்குப் பிறகு என்னை ஒரு படம்கூட எடுத்ததில்லை இவர். என் பிறந்தநாளில்கூட கேமரா என்னைத் தாண்டிக் கேக்குக்குப் போய்விடும். எனக்கு அது வலிக்கத்தான் செய்தது. சொன்னதில்லை.

இன்று சொன்னேன்.

"அருவி எதுக்குங்க? நான் இங்கதானே இருக்கேன். கொடியில துணி காஞ்சிருக்கும், போனை எடுத்துட்டு வாங்க."

இவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "வேணாம்மா," என்றார்.

நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நாற்காலியின் பிரேக்கை எடுத்து, சக்கரங்களைப் பின்வாசல் பக்கம் திருப்பினேன்.

அங்கே ஒரு சரிவுப் பலகை உண்டு. நான் படியேறுவது நின்றுபோன அந்த வருடம் இவரே அறுத்து, இழைத்துப் போட்டது. துணிக்கொடியும் அப்போதே மாடியிலிருந்து தரைக்கு இறங்கிவிட்டது.

கீழே போனேன். துணிகளை உருவி பக்கெட்டில் அமுக்கி, மடியில் வைத்துக்கொண்டு ஏற ஆரம்பித்தேன். வாசலில் இவர் போனைப் பிடித்தபடி நின்றார்.

பாதிப் பலகையில் நின்று நிமிர்ந்தேன்.

"படம் புடிச்சது போதும். வந்து ஒரு கை புடிங்க."

வீடியோவில் அதற்கப்புறம் வானம், கதவு, இவர் செருப்பு என்று எல்லாம் கன்னாபின்னாவென்று ஓடுகிறது. கடைசி ஒரு நிமிடம் வெறும் தரைதான். இந்தத் தடவை இவர் வந்துவிட்டார்.

புதுப் போனில் எடுத்த படம், நல்ல கனம். இரண்டு லேப்டாப்பிலும் ஏற்றி ஓட விட்டோம். ஆசிரியர் கேட்ட வித்தியாசம் நிமிடக் கணக்கில் வந்தது. ஃபேன் இல்லாத வெள்ளி நேரம் ஆக ஆகச் சூடேறித் தளர்ந்துபோனது; அதில் நான் பலகையின் அடியிலேயே வெகுநேரம் இருந்தேன். கறுப்பில் பாதி தூரம் வந்திருந்தேன். அதன் ஃபேன் வீடே அதிர இரைந்தது.

என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த இவர் அதைக் காட்டினார்.

"ஒரு தடவ உன்னை ஏத்தறதுக்கே எப்படி மூச்சு வாங்குது பாரு. நான் ஆறு வருஷமா தள்ளறேன்."

எட்டி இவர் கையில் ஓங்கி ஒன்று வைத்தேன். இவர் என்னைக் கிண்டல் செய்தும் ஆறு வருடம் ஆகியிருந்தது.