மஞ்சள் கைப்பிடி

நிலவறையின் சிமென்ட் தரையில் கணவனின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. தலையையும் தோளையும் துணி உலர்த்தும் கேஸ் டிரையரின் அடிப்பக்கத்துக்குள் நுழைத்துக்கொண்டு கிடந்தான் டுவெய்ன். மூன்று வாரமாக இதே கோலம்தான்.

"ஆச்சா?" ஈரத் துணிக் கூடையைத் தொப்பென்று இறக்கி வைத்தாள் மார்லிஸ்.

"டிரம் சுத்துது. சூடுதான் வரமாட்டேங்குது."

"இதத்தானே போன சனிக்கிழமையும் சொன்னே?"

டுவெய்னுக்கு மூக்குக்கண்ணாடி வில்லை செய்யும் ஆலையில் வேலை. வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருடமாக வில்லைகளை எடுத்து அடுக்குகிறவன், இதுவரை ஒன்றைக்கூட உடைத்ததில்லை. அந்தக் கைக்கு வீட்டுக்கு வந்ததும் என்ன ஆகிறதோ, அது அவளுக்குப் புரிந்ததே இல்லை.

மேலே மணி அடித்தது. அவளுடைய அப்பா. இடுப்பெலும்பு முறிந்து ஆறு மாதமாகக் கட்டிலில் கிடக்கிறார். விரிப்பு நனைந்தால் மணி, தாகம் எடுத்தால் மணி, வெளியே பனி கொட்டுகிறது என்று தெரிவிக்கவும் மணி.

"முதியோர் ஹோமெல்லாம் வேண்டாம், நான் பாத்துக்கறேன்" என்று அண்ணன் ராலியிடம் வீறாப்பாகச் சொன்னவள் அவள்தான். இப்போது அலுத்துப் போச்சு என்று யாரிடம் போய்ச் சொல்வது?

"நேத்து ராலி போன் பண்ணினான்" என்றது டிரையருக்குள்ளிருந்து வந்த குரல். "மூணு வாரமா இது ஓடலேன்னு உங்கப்பா அவன்கிட்ட சொல்லிட்டாராம். இன்னிக்குக் காலைல வந்து பாக்கறேன்னான்."

மார்லிஸ் டிரையரின் பின்பக்கம் பார்த்தாள். ராலிக்குத் தொழிலே கேஸ் அடுப்பும் ஹீட்டரும் பழுது பார்ப்பதுதான். வந்தவுடன் டிரையருக்குப் பின்னால் கையை விடுவான். அங்கே கேஸ் குழாயில் ஒரு மஞ்சள் கைப்பிடி உண்டு. குழாயோடு ஒரே வாக்கில் நின்றால் கேஸ் வரும், குறுக்கே நின்றால் வராது. மூன்று வாரத்துக்கு முன் யாருக்கும் தெரியாமல் அதைக் குறுக்கே திருப்பி வைத்தவள் மார்லிஸ்.

டிரையர் ஓடாவிட்டால் துணியைக் கடைத்தெரு லாண்டிரிக்கு எடுத்துப் போய், காசு போட்டு உலர்த்தித்தானே ஆகவேண்டும்! அங்கே கண்ணாடிக் கதவோரம் ஒரு நாற்காலி. ஒன்றரை மணி நேரம் மணியோசை கிடையாது, அவள் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். அப்பாவை டுவெய்ன் பார்த்துக்கொள்வான். சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வர அவளுக்கு மனசு வராது. ஈர விரிப்பு கையில் இருந்தால் அந்த உறுத்தல் இல்லை.

இன்று அது போயிற்று. போவதோடு நிற்குமா? அப்பாவிடமிருந்து தப்பிக்கத் தங்கை செய்த வேலையை ராலி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

"நீ மேல போய் அப்பாவப் பாரேன். நான் இந்த இடத்தக் கொஞ்சம் பெருக்கி வைக்கறேன்" என்றாள் அவசரமாக.

டுவெய்ன் எழுந்திருப்பதற்குள் வாசலில் வேன் சத்தம் கேட்டது.

"என்ன மாப்ளே, மூணு வாரமா டிரையருக்குத் தாலாட்டா பாடிக்கிட்டிருக்கே?" என்றபடி படியில் தடதடவென்று இறங்கினான் ராலி. "தள்ளு, தள்ளு. முதல்ல கேஸ் திறந்திருக்கான்னு பாக்கணும். பாதி வீட்டுல கோளாறே அதான்."

கையைப் பின்னால் விட்டான். மார்லிஸ் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"திறந்துதான் இருக்கு."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேற்றுக் காலைகூடத் தடவிப் பார்த்தாளே, குறுக்கேதானே இருந்தது?

ராலி குனிந்து டார்ச் அடித்தான். அடுத்த நிமிடம் நிலவறையே அதிரச் சிரித்தான்.

"அடப்பாவி! இக்னைட்டர ரெண்டா ஒடச்சு வச்சிருக்கியே! இது செவக்கச் சூடானாத்தானே மாப்ளே கேஸ் பத்திக்கும்? ஸ்குரூடிரைவரால இடிச்சியா?"

"கை நழுவிடுச்சு" என்றான் டுவெய்ன், தரையைப் பார்த்தபடி.

"கண்ணாடி ஆலையில உன்ன எப்படித்தான் வச்சிருக்காங்களோ! இது பழைய மாடல், என்கிட்ட இல்ல. வரவழைக்கப் பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் லாண்டிரிக்குத்தான் அலையணும் தங்கச்சி, பாவம் நீ."

மேலே போய் அப்பாவிடம் ஐந்தே நிமிடம் உட்கார்ந்தான். மாப்பிள்ளையின் கைவண்ணத்தைச் சொல்லி அவரையும் சிரிக்க வைத்துவிட்டுக் கிளம்பினான். சிரிப்புச் சத்தம் கீழே வரை கேட்டது.

வேன் போனதும் டுவெய்ன் துணிக் கூடையைத் தூக்கினான். அவனுடைய சட்டைப் பையில் வெள்ளைக் கையுறை மடிப்புக் கலையாமல் இருந்தது. மார்லிஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று வாரமாகத் தானும் அவனைக் குத்திக் குத்திப் பேசியது நினைவுக்கு வந்தது.

மேலே மணி அடித்தது. அவள் படியை நோக்கித் திரும்பினாள்.

"நான் போய்ப் பாக்கறேன்" என்று கூடையை அவள் கையில் கொடுத்து, அதன் மேல் கார்ச் சாவியை வைத்தான் டுவெய்ன்.

"நீ போய் உக்காந்துட்டு வா. கைப்பிடி குறுக்க இருந்தத நான் முதல் நாளே பாத்துட்டேன், மார்லி."